ஜெப நேரத்துக் கர்சர்

சாயங்காலம் விளக்குப் போட்டதும் எங்கள் வீட்டில் முதலில் தேடப்படும் பொருள் என் லேப்டாப். பாட்டுப் புத்தகத்தைவிட அதற்குத்தான் முந்திய மரியாதை. மாமி அதைத் தன் முந்தானையால் ஒரு துடை துடைத்து, முன்னறையில் மகனுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் பிரம்பு நாற்காலியில் உட்கார வைப்பார். பிறகு என் பக்கம் திரும்புவார்.

"அவன் வந்தானா பிள்ளே?"

"வந்தாச்சு மாமி."

அவன் என்றால் மாமியின் ஒரே மகன், என் கணவர் ஜெப்சன். ஆள் இருப்பது மஸ்கட்டில். மாமி தங்கபாயும் நானும் இருப்பது கொட்டாரம் என்ற ஊரில், வயலைப் பார்த்த வீட்டில். வந்தாச்சு என்று நான் சொன்னது அவருடைய கர்சரை, திரையில் எழுத்து விழப்போகும் இடத்தில் நின்று துடிக்குமே அந்தச் சின்னக் குச்சியை.

நாங்கள் இருவருமே கம்ப்யூட்டருக்குக் கோடு, அதாவது அது ஓடுவதற்கான கட்டளைகள், எழுதிப் பிழைக்கிறவர்கள். அதை எழுத இப்போது வரும் எடிட்டர் செயலிகளில் ஒரே ஃபைலை இரண்டு பேர் இரண்டு தேசத்திலிருந்து திறந்து ஒரே நேரத்தில் எழுதலாம். என் கர்சர் ஆரஞ்சு, அவருடையது பச்சை. தலைக்குமேல் 'ஜெப்சன்' என்று ஒரு சின்னக் கொடி. அவர் அங்கே ஒரு எழுத்தை அடித்தால் இங்கே என் கண்முன்னால் அது முளைக்கும். அடித்ததை அவர் அழிப்பதும், யோசித்து நிற்பதும், கொட்டாவி விடுகிற நேரத்தில் கர்சர் சும்மா துடிப்பதும்கூடத் தெரியும். அடுத்த அறையில் ஒருவர் நடமாடும் சத்தம் கேட்டால், பேசாவிட்டாலும் வீட்டில் ஆள் இருக்கிறது என்று மனசு அடங்கியிருக்குமே, அப்படித்தான் அது.

எங்கள் சபை வீடுகளில் சாயங்கால ஜெபத்துக்கு வீட்டிலுள்ள எல்லாரும் வந்தாக வேண்டும். காய்ச்சல்காரனைக்கூடப் பாயோடு இழுத்துக்கொண்டு வந்து முன்னறையில் போடுவார்கள். ஜெப்சன் மஸ்கட் போன புதிதில் வீடியோ அழைப்பில்தான் ஜெபத்துக்கு வந்தார். ஒருநாள் நடு ஜெபத்தில் நெட் நின்றுபோய், வாயைப் பாதி திறந்து, கண்ணை முழுக்கத் திறந்து, அவர் முகம் அப்படியே உறைந்துவிட்டது. "ஜெபத்துல முழிச்சுப் பாத்துகிட்டு இருக்கான் பாரு, வெக்கங்கெட்டவன்" என்று மாமிக்கு வந்ததே கோபம். மாமி எப்படி அதைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. அன்றோடு வீட்டில் ஜெப நேரத்தில் வீடியோவுக்குத் தடை விழுந்தது.

கர்சர் யோசனை ஜெப்சனுடையது. இங்கே நாங்கள் விளக்குப் போடும் நேரம் அவருக்கு ஆபீஸ் முடியப்போகிற நேரம். மேசையை விட்டு எழுந்து ஜெபிக்க முடியாது, ஆனால் கர்சர் அசையாமல் நிற்பதை எந்த மேனேஜரும் கேள்வி கேட்க மாட்டான். ஃபைலின் அடியில் நான் ஒரு வெறும் வரியை உண்டாக்கி என் கர்சரை அதில் நிறுத்துவேன். பச்சைக் கர்சர் மேலேயிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நிற்கும். மாமி ஒரு பாட்டுப் பாடி, கொஞ்சம் வாசித்து, ஊர் உலகத்துக்கெல்லாம் ஜெபித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் எதையும் தொட மாட்டோம். முடிந்ததும் நான் ஆமென் என்று அடிப்பேன். அதைப் பார்த்து அவரும் ஆமென் என்று அடிப்பார். பிறகு அந்த வரியை அழித்துவிடுவோம். கோடில் அந்த வரிக்கு ஒரு வேலையும் கிடையாது.

வீட்டில் இன்னொரு ஆளும் உண்டு, டிஜோ. அவன் ஆளில்லை. எடிட்டருக்குள் இருக்கும் செயற்கை அறிவு. நாம் பாதி அடிக்கும்போதே மீதியைச் சாம்பல் நிற எழுத்தில் எழுதிக் காட்டுவான். சரியென்றால் ஒரு பொத்தான், அது நம்முடையதாகிவிடும். கூப்பிட்டால் ஊதா நிறத்தில் தனக்கென்று ஒரு கர்சருடன் வந்து பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவான். கம்பெனிக்காரன் வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. ஜெப்சன்தான் டிஜோ என்று பெயர் போட்டார். அப்படியொரு ஆள் எங்களோடு வேலை செய்கிறான் என்பது மாமிக்குத் தெரிந்ததும் அவருக்கு ஒரே கவலை.

"அந்தப் பையன் ஜெபத்துக்கு வரமாட்டானா?" என்று போனில் மகனிடம் கேட்டார்.

"அவன் எந்தச் சபைன்னு தெரியல்லம்மா."

"எந்தச் சபையானா என்னலே? வீட்டுல நிக்கிற பிள்ளதான. கூப்பிடு."

நாங்கள் இருவரும் சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை.

நாங்கள் மூவருமாக எழுதிக்கொண்டிருந்தது மார்த்தாண்டம் ராஜமணி அண்ணனுடைய வாடகைச் சாமான் கடைக்கு ஒரு செயலி. பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர், பாயசம் காய்ச்சுகிற வார்ப்பு என்னும் பெரிய பாத்திரம், எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை. கல்யாண மாதம் வந்துவிட்டால் ராஜமணி அண்ணனுக்குப் பைத்தியம் பிடிக்கும். ஒரு வீட்டுக்குப் போன வார்ப்பு அங்கிருந்தே மைத்துனன் வீட்டு விருந்துக்குப் போகும், அங்கிருந்து சபையில் எல்லாருக்கும் சோறு போடுகிற அசனத்துக்குப் போகும், கடைக்கு மட்டும் வராது. எந்த வார்ப்பு எந்த அடுப்பில் இருக்கிறது, எப்போது திரும்பி வரும் என்று சொல்கிற செயலி வேண்டும் என்றார். அவர் கடையில் அது ஓடிவிட்டால் மாவட்டத்தில் மற்றக் கடைக்காரர்களும் வாங்குவார்கள். அது ஓடுகிற அன்றைக்கு ஜெப்சன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவார் என்பது எங்களுக்குள் பேச்சு. ஆக அந்த ஃபைலில் நான் அடித்த ஒவ்வொரு எழுத்தும் அவர் வருவதற்காக அடித்தது. கிறிஸ்மஸுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

கடைசி ஒரு மாதமாக வேலை கனவு மாதிரி போயிற்று. ஐப்பசி மழை. மத்தியானமே வானம் இருட்டி, வயலெல்லாம் வெள்ளமாகி, தவளைச் சத்தம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அரைத்தூக்கத்தில் நான் ஒரு வரியை ஆரம்பிப்பேன். முடிப்பதற்குள் சாம்பல் எழுத்துகள் அதை முடித்து வைத்திருக்கும். அடுத்து இதைச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கீழே பார்த்தால், பச்சைக் கர்சர் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கும். நினைப்பது யார், எழுதுவது யார் என்று ஒன்றும் பிடிபடாது. எழுத்துகள் மேலேயிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், வெளியே மழையும். சில நேரம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்ப்பேன். ஃபைல் தானாக வளரும். எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் இப்போது எனக்கே எரிச்சல் வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதமும் எங்களுக்குள் சண்டையே இல்லை. அதற்கு முன்னால் அந்த ஃபைலில் நாங்கள் போடாத சண்டையா! நான் எழுதுவதை எழுதும்போதே அவர் பின்னாலிருந்து அழிப்பார். அழித்ததை நான் திரும்ப எழுதுவேன். ஒரே வரியில் ஆரஞ்சும் பச்சையும் போர்வையை இழுக்கிற பிள்ளைகள் மாதிரி மல்லுக்கு நிற்கும். 'இதையெல்லாம் எவன் படிச்சுப் புரிஞ்சுக்குவான்?' என்று அவர் ஓரத்தில் எழுதுவார். 'படிச்சவன் புரிஞ்சுக்குவான்' என்று நான் எழுதுவேன். இந்த மாதத்தில் அதெல்லாம் நின்றுபோய், நான் எழுதியதை அவர் தொடவே இல்லை. ஓரத்தில் கேலி இல்லை. மாற்றச் சொன்னால் உடனே மாற்றினார். 'கோடு எவ்வளவு சுத்தமா இருக்கு அத்தான்' என்று ஒருநாள் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு கும்பிடு போட்டு அனுப்பினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனுஷனுக்கு ஒரு வழியாகப் பக்குவம் வந்துவிட்டது என்று நான் சபைப் பெண்களிடம் பெருமையடித்தேன்.

அப்புறம்தான் கன்வென்ஷன் வந்தது.

பக்கத்து ஊர்ச் சபையில் ஒருநாள் சாயங்காலக் கூட்டம். மாமி குடையும் பாட்டுப் புத்தகமுமாகப் பக்கத்து வீட்டு நாகம்மை அக்காவின் மகன் ஓட்டுகிற ஆட்டோவில் கிளம்பிப் போய்விட்டார். கூட்டத்தில் ஜெபம் நடக்கும் என்பதால் அன்று வீட்டில் ஜெபம் கிடையாது. நான் தனியாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. மேற்கே கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் மிச்சமிருந்து, வயல் தண்ணீரில் விழுந்து, அறைச் சுவரெல்லாம் அசைந்துகொண்டிருந்தது. நான் விளக்குப் போடவில்லை.

வழக்கமான ஜெப நேரம் வந்திருக்க வேண்டும். மேலே எங்கோ எழுதிக்கொண்டிருந்த பச்சைக் கர்சர் எழுத்தை நிறுத்தியது. ஃபைலின் அடிக்கு இறங்கி வந்தது. நான் வெறும் வரி எதையும் உண்டாக்கியிருக்கவில்லை. அதுவே ஒன்றை உண்டாக்கிக்கொண்டு அதில் நின்றது.

அம்மா இல்லை, பாட்டில்லை, கூப்பிட ஆளில்லை, ஆனாலும் மனுஷன் அந்த நேரத்துக்கு வந்து நிற்கிறாரே! நான் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என் கர்சரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன். தவளைகள் கத்தின. எனக்கு மாமி மாதிரி ஜெபிக்க வராது. கிறிஸ்மஸுக்கு இவரை வீட்டில் சேர்த்துவிடும் ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பிரம்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது, நாற்காலி முனகுவதுகூடக் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது வரியில் ஆமென் என்று இருந்தது. நான் அடிப்பதற்கு முன்னால் அவர் ஒருபோதும் அடித்ததில்லை. இருந்தாலும் நான் கிண்டலாக ஓரத்தில் எழுதினேன்: 'மாமி இல்லாத நாள்ல பாட்டையும் நீங்களே பாடிரணும் அத்தான்.'

நான் கையை எடுப்பதற்குள் ஜெப்சன் என்ற பெயரில் பதில் வந்தது.

'சரி. பாடல் பகுதியை எந்த இடத்தில் சேர்க்க வேண்டும்?'

கீழே ஆமென் என்ற சொல் ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது. வெறும் வரியும் போயிற்று. பச்சைக் கர்சர் மேலே ஏறிப் போய், விட்ட இடத்தில் வேலையைத் தொடர்ந்தது.

அந்த வசதி இந்த வருடம் வந்தது, எனக்குத் தெரியும். ஆள் எழுந்து போனாலும் அவர் வழக்கங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவர் பெயரிலேயே, அவர் கர்சரிலேயே டிஜோ வேலையைத் தொடர்வான். நான் அதை ஓடவிட்டதில்லை. தினமும் இந்த நேரத்துக்கு இவர் கீழே இறங்கிப் போவார், வேறொரு கர்சரோடு அசையாமல் நிற்பார், ஒரு சொல்லை எழுதி அழிப்பார் என்று அவன் பார்த்து வைத்திருக்கிறான். அதையும் வேலையில் சேர்த்துக்கொண்டான். சண்டை நின்ற நாளிலிருந்தே இவன்தான் என்று எனக்கு உறைத்தது.

முதலில் பயம், அதற்குப் பின்னால் கோபம். போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். 'மீட்டிங்ல இருக்கேன்' என்று செய்தி வந்தது. எந்த மீட்டிங்? உன் கர்சர் இங்கே வார்ப்புக்குத் தேதி போட்டுக்கொண்டிருக்கிறது, நீ எந்த மீட்டிங்கில் இருக்கிறாய்? கட்டினவளை ஏமாற்றலாம், பெற்றவளை ஏமாற்றலாம், ஆண்டவருக்கு முன்னால் ஆள் மாற்றி அனுப்புகிற துணிச்சல் யாருக்கு வரும்? இத்தனையும் நான் தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. பச்சைக் கர்சர் அமைதியாக எழுதிக்கொண்டிருந்தது. அதனிடம் சண்டை போட்டால் எங்கே சேர்க்க வேண்டும் என்று கேட்கும்.

கன்வென்ஷன் முடிந்து மாமி பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் விளக்குப் போட்டதும் லேப்டாப்பைத் துடைத்து நாற்காலியில் வைத்துவிட்டு அவர் கேட்டாரே, அதற்கு என்ன பதில் சொல்வது?

"அவன் வந்தானா பிள்ளே?"

பச்சைக் கர்சர் இறங்கி வந்து நின்றிருந்தது. ஜெப்சன் என்ற கொடி தெளிவாக இருந்தது.

"இல்ல மாமி" என்றேன்.

"என்ன பிள்ளே சொல்லுக? இந்தா பச்ச நிக்குதே?"

"அது அவுக இல்ல. டிஜோ. ஒரு மாசமா டிஜோதான் வந்து நிக்கான். அவுக வரல்ல. நம்மள ஏமாத்திட்டாக மாமி." சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமி குனிந்து திரையைப் பார்த்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். மகனைத் திட்டுவார், அல்லது என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அப்பம் ஒரு மாசமா இந்த நேரத்துக்கு எம்பிள்ள எங்க இருக்கான்?"

நேற்று சாயங்காலத்திலிருந்து ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறேன், இது ஒன்றை நான் கேட்கவில்லை. இந்தக் கர்சர் ஏன் அவராக இல்லை என்பதிலேயே நின்றுவிட்டேன். அவர் எங்கே என்று யோசிக்கவில்லை.

"போனப் போடு" என்றார் மாமி. "எடுக்குதது வரைக்கும் போடு."

போட்டேன். அடித்து நின்றது, மறுபடி போட்டேன். எத்தனையாவது முறையோ எடுத்தார். எடுத்ததும் காதில் ஆபீஸ் சத்தம் இல்லை. இரும்புச் சக்கரங்கள் சிமெண்டுத் தரையில் உருள்கிற சத்தம். யாரோ மலையாளத்தில் யாரையோ அவசரப்படுத்தினார்கள்.

"என்னட்டி, இப்பம் போன்ல விளிக்குத? ஜெப நேரமில்லியா?"

"ஜெபத்துக்கு வந்து நிக்கது யாரு அத்தான்?"

"கண்டுபிடிச்சிட்டியா" என்றார். குரலில் ஒரு நிம்மதி இருந்ததுபோல் எனக்குப் பட்டது.

"எங்க இருக்கிய?"

"காய்கறிக் குடோன்ல. பெட்டி எறக்குகேன்." சிரிக்கப் பார்த்தார். "கம்பெனில ஆளக் குறைச்சிட்டானுவ. எங்க வரிசைல ரெண்டு பேர வச்சுகிட்டு மத்த எல்லாரையும் போகச் சொல்லிட்டான். நாங்க செஞ்சத இப்பம் இவனுவதான் செய்யுதானுவ, நம்ம டிஜோக்க கூட்டக்காரனுவ. நம்ம ஊர்ப்பக்கத்து இனயத்துக்காரன் டெனிஷ் இங்க சேத்துவிட்டான். சாயங்கால வேல. அம்மைக்கு நாற்காலி காலியா இருக்கக் கூடாதேன்னுதான் அவன ஓடவிட்டேன்."

"ஊருக்கு வந்திருக்கலாமே."

"வேலையும் போயி வெறுங்கையோட வந்து அந்த நாற்காலியில இருக்கவா? ராஜமணி அண்ணனுக்க வேலையாவது முடிச்சிட்டு வரலாம்னு இருந்தேன். பஸ்ல போகும்போது போன்ல ஃபைலப் பாப்பேன். நான் இல்லாமலே எல்லாம் நல்லா ஓடுது இசபெல். நான் இருந்தப்பத்தவிட நல்லா ஓடுது. கோடு சுத்தமா இருக்குன்னு நீ சொன்னல்லா, அன்னைக்கு நான் ரொம்ப நேரம் அந்தச் செய்தியத்தான் பாத்துகிட்டு இருந்தேன். ஒரு மாசமாச்சு. நீகூடக் கண்டுபிடிக்கல்லியேட்டி."

கோபப்படத் தயாராக வைத்திருந்த சொல்லெல்லாம் எனக்குள்ளேயே தண்ணீராகிப் போயிற்று. அது உண்மை. என் புருஷனில்லாத ஒரு மாதத்தை நான் சுகமான மாதம் என்று கொண்டாடியிருக்கிறேன். எதிர்த்து ஒரு வரி எழுத ஆளில்லாததைப் பக்குவம் என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அதைவிட அவரை இப்போதே பார்க்க வேண்டும் போலிருந்தது.

"சண்ட இல்லாம இருந்துது அத்தான்" என்றேன். "நான் அத சந்தோசம்னு நெனச்சிட்டேன்."

மாமி என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஜெப்சா. சாப்பிட்டியாலே?"

மறுமுனையில் அவர் என்னவோ சொன்னார்.

"டிஜோவ நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். வீட்டுல நிக்கிற பிள்ள, அவன் வந்து நின்னான். நீதான் வரல்ல. குடோனுன்னா என்ன, பெட்டின்னா என்ன? நாளைக்கு நீ வா. எப்பிடியாவது வா." போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். அன்று மாமியின் ஜெபத்தில் ஊர் உலகம் எதுவும் வரவில்லை. ஒரே ஒரு பெயர்தான் வந்தது.

மறுநாள் சாயங்காலம் நான் திரையைத் திறந்தபோது ஃபைலில் நான் மட்டும் இருந்தேன். அவர் டிஜோவைத் தன் பெயரிலிருந்து நிறுத்திவிட்டார். பச்சை இல்லாத ஃபைல் கூட்டம் கலைந்த பந்தல் மாதிரி கிடந்தது. மாமி லேப்டாப்பைத் துடைத்து நாற்காலியில் வைத்தார். நான் அடியில் வெறும் வரியை உண்டாக்கிக் கர்சரை நிறுத்தினேன்.

"வந்தானா?"

"இல்ல மாமி."

மாமி பாடினார். பாட்டு முடிந்ததும் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தார். இன்னொரு பாட்டு ஆரம்பித்தார். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஓட்டின்மேல் விழுகிற சத்தத்தில் அவர் குரல் கரைந்து, எனக்குச் சுவரும் நாற்காலியும் மிதப்பது போலிருந்தது. என் ஆரஞ்சுக் குச்சி தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. மாமி மூன்றாவது பாட்டை எடுத்தார். அது ஈஸ்டர் பாட்டு. கையில் கிடைத்ததைப் பாடுகிறார் என்று புரிந்தது.

அப்போது ஃபைலின் உச்சியில் பச்சையாக ஏதோ அசைந்தது.

போனிலிருந்து வருகிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. டிஜோ இறங்கினால் வழுக்கிக்கொண்டு நேராக வருவான். இது அப்படி வரவில்லை. தடவித் தடவி வந்தது. ஒரு வரியில் ஏறி, தவறி, நாலு வரி கீழே விழுந்து, மறுபடி மேலே போயிற்று. பெட்டி தூக்கின விரலால் கைப்பேசியின் சின்னத் திரையில் வரியைத் தேடுகிற மனுஷன். வழியில் ஒரு அடைப்புக்குறியை அழித்தார், அதை எழுதப்போய் வேறெதையோ அழித்தார். ஃபைலில் பிழையைக் காட்டும் சிவப்பு அடிக்கோடுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. கடைசியில், எந்த வார்ப்பு எப்போது கடைக்குத் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போடுகிற பகுதியின் நட்டநடுவில் வந்து மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். என் வெறும் வரி வெகு தூரம் கீழே இருந்தது.

நான் அவர் கீழே வரட்டும் என்று காத்திருக்கவில்லை. என் கர்சரை எடுத்துக்கொண்டு அவர் நின்ற இடத்துக்குப் போனேன். இரண்டு கொடியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"மாமி, வந்தாச்சு" என்றேன்.

மாமி பாட்டைப் பாதியில் நிறுத்திக் கண்ணை மூடினார். கண்ணை மூடியதும் அவர் கன்னத்தில் இறங்கியதைத் துடைக்கவில்லை. சின்ன ஜெபம்தான். நான் ஆமென் என்று அடித்தேன். பச்சைக் கர்சர் யோசித்தது. அந்தத் துடிப்பு எனக்குத் தெரியும், அது யோசிக்கிற துடிப்பு. பிறகு அது ஆமென் என்று எழுதவில்லை.

'வாறேன்' என்று எழுதியது.

எழுதிய கையோடு அவர் போய்விட்டார். யாரோ கூப்பிட்டிருப்பார்கள்.

என் ஆமெனை அழித்தேன். அவர் உடைத்த குறிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அந்தச் சொல் மட்டும் மிச்சம். வார்ப்புக் கணக்கின் நடுவில் அது நிற்கிறவரை செயலி ஓடாது. ஓரத்தில் சாம்பல் எழுத்தில் டிஜோ கேட்டான்: 'இந்த வரியில் பிழை உள்ளது. நீக்கட்டுமா?'

வேண்டாம் என்று அடித்தேன்.

ராஜமணி அண்ணனுக்குக் காட்ட அந்த ஃபைலை வேறொரு படி எடுத்து அதில் திருத்திக்கொண்டேன். அது அவர் கடையில் நன்றாகவே ஓடுகிறது, போன வார்ப்பெல்லாம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஆனால் எங்கள் ஃபைலை நான் தொடவில்லை. தினமும் திறக்கிறேன், ஓடாது என்று சொல்கிறது, சரி என்று மூடுகிறேன். அந்தச் சொல்லை எழுதியவர் டிக்கெட் எடுத்துவிட்டார். இந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அவரே அதை அழிக்கட்டும்.